ரீகால் ஆன வண்டியால அடிபட்டா சிங்கப்பூர்ல என்ன செய்யணும்: முதல் நாள்ல இருந்து செட்டில்மென்ட் வரைக்கும்

ஒரு நாள் காலையில உட்லண்ட்ஸ் பக்கம் ஸ்லிப் ரோட்ல இறங்கும்போது என் வேன் பிரேக் பெடல் தரை வரைக்கும் போயிடுச்சு. தடுப்புல மோதி எனக்கு இடது மணிக்கட்டு உடைஞ்சுது, பக்கத்துல உக்காந்திருந்த, என்கிட்ட வேலை பார்க்குற பையனுக்கு நெத்தியில ஏழு தையல். அப்புறம் விசாரிச்சா அந்த மாடலுக்கு பிரேக் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்குற சாமான்) ரீகால், அதாவது பழுது இருக்கலாம்னு தயாரிப்பாளர் வண்டிங்களைத் திரும்பக் கூப்பிட்டு இலவசமா சரிபண்றது, ஏற்கனவே வந்திருக்கு, லெட்டர் பழைய ஓனர் வீட்டுக்குப் போயிருக்கு, நான் செகண்ட்ஹேண்ட்ல வாங்குனவன், எனக்கு எப்படித் தெரியும்.

ரெண்டு வருஷத்துக்கு மேல அலைஞ்சேன். அதுக்கப்புறம் சொந்தக்காரங்க, கோப்பிக்கடை கூட்டாளிங்கன்னு நாலஞ்சு பேரோட கூடப் போய் உக்காந்திருக்கேன், எல்லாரும் வரிசையிலதான் தப்பு பண்றாங்க. லாயரைத் தேடி ஓடுறாங்க, அதுக்குள்ள வண்டி ரிப்பேராகிடுது இல்ல ஸ்க்ராப்புக்குப் போயிடுது. நான் லாயர் இல்ல, நடந்து பார்த்தவன், அதனால நடக்க வேண்டிய வரிசையிலயே எழுதுறேன்.

1. முதல்ல ஒரு ஃபைல் போடுங்க

ஒரு பிளாஸ்டிக் ஃபைல் வாங்குங்க, போன்ல ஒரு ஃபோல்டர் திறங்க. வண்டி லாக் கார்டு (பதிவு விவரம் இருக்குறது), வாங்குனப்போ போட்ட சேல்ஸ் அக்ரிமென்ட், சர்வீஸ் ரசீதுங்க, இன்சூரன்ஸ் பாலிசி, லோன் பேப்பர் எல்லாம் அதுல போகணும். லாக் கார்டு இல்லைன்னா ஒன்மோட்டாரிங்ல (அரசாங்கத்தோட வண்டி வெப்சைட்) சிங்பாஸ் (அரசாங்க லாகின்) போட்டு வண்டி விவரம் எடுத்துக்கலாம், அதுலதான் சேசிஸ் நம்பர் (ஒவ்வொரு வண்டிக்கும் தனியா இருக்குற அடையாள நம்பர்) இருக்கும். ரீகால் லிஸ்ட்ல உங்க வண்டி வருதா இல்லையான்னு அந்த நம்பர்தான் சொல்லும், மாடல் பேரு போதாது, ஒரே மாடல்ல ஒரு குறிப்பிட்ட காலத்துல தயாரான வண்டிங்களுக்கு மட்டும் ரீகால் வர்றது சகஜம்.

2. மோதின இடத்துலயே: போட்டோ, மெமரி கார்டு

ஆம்புலன்ஸ்தான் முதல்ல, அதுல பேச்சே இல்ல. கையை அசைக்க முடிஞ்சா, இல்ல கூட யாராவது இருந்தா, வண்டிக்கு உள்ளயும் போட்டோ எடுக்கச் சொல்லுங்க. எல்லாரும் முன் பம்பரத்தான் இருபது தடவை எடுக்கறாங்க. பெடல் எந்த நிலையில நிக்குது, டேஷ்போர்டுல என்ன லைட் எரியுது, ஏர்பேக் வெளிய வந்துச்சா, சீட் பெல்ட் எங்க அறுந்துச்சு, ரோட்ல பிரேக் போட்ட டயர் தடம் இருக்கா இல்லையா, இதெல்லாம் டோ ட்ரக் வந்துட்டா திரும்பக் கிடைக்காது.

டேஷ்கேம் மெமரி கார்டை அப்பவே உருவி பாக்கெட்ல போட்டுக்கங்க. அது பழைய வீடியோ மேலயே திரும்பத் திரும்பப் பதியும், வொர்க்‌ஷாப்ல வண்டியை ஆன் பண்ணி நகத்த நகத்த மோதின காட்சி அழிஞ்சு போகும். என் கூட்டாளி ஒருத்தரு மூணு வாரம் கழிச்சு கார்டைப் பார்த்தா உள்ள முழுக்க வொர்க்‌ஷாப் சுவரும் ஒரு பூனையும்தான்.

3. 24 மணி நேரத்துக்குள்ள ரெண்டு ரிப்போர்ட்

யாருக்காவது அடிபட்டிருந்தா 24 மணி நேரத்துக்குள்ள போலீஸ் ரிப்போர்ட் போடணும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் 24 மணி நேரத்துக்குள்ள இல்ல அடுத்த வேலை நாளுக்குள்ள அவங்க சொல்ற ரிப்போர்ட்டிங் சென்டர்ல சொல்லணும், கீறல் கூட இல்லைன்னாலும் சொல்லணும். ரெண்டும் வேற வேற, ஒண்ணு போட்டா இன்னொண்ணு தானா போகாது.

ரிப்போர்ட்ல எழுதுற வார்த்தை ரொம்ப முக்கியம். நிறைய பேர் அவசரத்துல 'கன்ட்ரோல் போயிடுச்சு'ன்னு எழுதிடறாங்க, அதைப் படிக்கிறவனுக்கு டிரைவர் தப்புன்னுதான் தோணும். அதுக்காக 'ரீகால் பழுதுதான் காரணம்'னும் எழுதாதீங்க, அது உங்களுக்கு இன்னும் தெரியாது. காலுக்கும் கைக்கும் காதுக்கும் என்ன தெரிஞ்சுதோ அதை எழுதுங்க. நான் எழுதினது இதுதான்: 'பிரேக்கை மிதிச்சேன், பெடல் மெதுவா தரை வரைக்கும் இறங்கிச்சு, திரும்ப ரெண்டு தடவை மிதிச்சேன், வேகம் குறையல.' பின்னால எங்க கேஸுக்கு ஓரளவு உயிர் கொடுத்தது அந்த வரிதான்.

இங்கிலீஷ் சரியா வரலைன்னா தமிழ்ல சொல்லி எழுதச் சொல்லுங்க, கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க. அவசரப்படுத்தினாலும் கேளுங்க.

4. வண்டியைக் கையை விட்டு விடாதீங்க

இந்த வழிகாட்டியில ஒண்ணே ஒண்ணு படிக்கிறதா இருந்தா இதைப் படிங்க.

அடிபட்டு ஆஸ்பத்திரியில இருக்கும்போது இன்சூரன்ஸ்காரங்க வண்டியை அவங்க வொர்க்‌ஷாப்புக்கு இழுத்துட்டுப் போவாங்க. ரிப்பேர் ஆகுற வண்டின்னா பழுதான சாமானைக் கழட்டி புதுசு போட்டுடுவாங்க, பழசு குப்பைக்கு. ரிப்பேர் ஆகாதுன்னா டோட்டல் லாஸ், வண்டியை டீரிஜிஸ்டர் பண்ணிட்டு (பதிவை ரத்து பண்ணிட்டு) ஒரு மாசத்துக்குள்ள ஸ்க்ராப் இல்ல ஏற்றுமதி. ரெண்டுலயும் உங்க ஆதாரம் காணாம போகுது. இதுல உங்களுக்கே ஆசை காட்ற விஷயம் ஒண்ணு இருக்கு: சிஓஇ ரிபேட், அதாவது வண்டி வச்சுக்க வாங்குற உரிமச் சான்றுல மிச்சமிருக்குற காலத்துக்குத் திரும்பக் கிடைக்குற காசு. நாள் ஆக ஆக அது குறையும், அதனால 'சீக்கிரம் டீரிஜிஸ்டர் பண்ணுங்க அண்ணே'ன்னு நம்மளே அவசரப்படுத்துவோம். அடிபட்ட கிளைம் எவ்வளவு பெருசு, ரிபேட்ல குறையிற காசு எவ்வளவுன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. முட்டியில ஒரு சிராய்ப்புன்னா நானே டீரிஜிஸ்டர் பண்ணச் சொல்வேன்.

செய்ய வேண்டியது: இன்சூரன்ஸ், வொர்க்‌ஷாப் ரெண்டு பேருக்கும் அன்னைக்கே எழுத்துல அனுப்புங்க, வாட்ஸ்அப் கூடப் போதும், ஆனா ஈமெயிலும் அனுப்புங்க. 'இந்த வண்டியில பழுது இருந்ததா சந்தேகம், நிபுணர் பார்க்குற வரைக்கும் எந்த சாமானையும் கழட்டவோ மாத்தவோ வீசவோ வேண்டாம்'னு சுருக்கமா. போன்ல சொன்னது நாளைக்கு யாருக்கும் ஞாபகம் இருக்காது. லோன் இருக்குற வண்டின்னா ஃபைனான்ஸ் கம்பெனிக்கும் சொல்லுங்க, லோன் முடியுற வரைக்கும் வண்டி மேல அவங்களுக்கும் உரிமை உண்டு. ஸ்டோரேஜ் சார்ஜ் யார் கட்டறதுன்னு அப்பவே கேட்டுக்கங்க, சில இடத்துல நாள் கணக்குல ஏறும்.

நான் இதைச் செய்யல. ஒன்பதாவது நாள் வொர்க்‌ஷாப்ல இருந்து போன், 'அண்ணே வேன் ரெடி, வந்து எடுத்துக்கங்க'. பழைய மாஸ்டர் சிலிண்டர் எங்கன்னு கேட்டேன், அந்தத் தம்பி பின்னால இருந்த நீல டிரம்மைக் காட்டினான், காலியா இருந்துச்சு, முந்தின நாள்தான் பழைய இரும்பு எடுக்கறவர் வந்துட்டுப் போனாராம். அவனைத் திட்டி என்ன பண்றது, அவன் வேலையை அவன் ஒழுங்காத்தான் செஞ்சிருக்கான்.

இன்னொரு பொறி, இலவச ரீகால் ரிப்பேர். மோதின பிறகு 'வாங்க, ரீகால் சாமானை ஃப்ரீயா மாத்தித் தரோம்'னு கூப்பிட்டா நிபுணர் பார்க்குறதுக்கு முன்னாடி போகாதீங்க, கழட்டின சாமான் தயாரிப்பாளர்கிட்ட திரும்பப் போயிடலாம். வண்டியை ஓட்டவும் ஓட்டாதீங்க. சும்மா நிக்கட்டும்.

ஏர்பேக் கேஸ்னா கூட ஒரு விஷயம். தகாட்டா ஏர்பேக் ரீகால் கேள்விப்பட்டிருப்பீங்க, உள்ள இருக்குற அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்துலயும் ஈரப்பதத்துலயும் வருஷக்கணக்கா கெட்டுப் போய், ஏர்பேக் விரியும்போது உலோக உறையே வெடிச்சுத் துண்டு துண்டா பறந்துச்சு, நம்ம ஊர் வெக்கைக்கு அது ரொம்பவே பொருந்துற பழுது. இந்த மாதிரி கேஸ்ல உடம்புல இருந்து எடுத்த இரும்புத் துண்டைத் தூக்கிப் போடாம வச்சுக்கச் சொல்லி டாக்டர்கிட்ட அன்னைக்கே கேட்கணும்.

5. ரீகால் இருக்குன்னு நிரூபிக்கிற வேலை

ஒன்மோட்டாரிங்ல வண்டி நம்பர் போட்டு ரீகால் பார்க்கலாம். தேதி தெரியுற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுங்க, அப்புறம் அந்த பிராண்டோட இங்கத்து ஏஜென்ட்டுக்கு சேசிஸ் நம்பரோட ஈமெயில் போட்டு மூணு கேள்வி கேளுங்க: இந்த வண்டிக்கு ரீகால் உண்டா, எப்போ அறிவிச்சீங்க, இந்த வண்டிக்கு அந்த வேலை முடிஞ்சுதா. பேரலல் இம்போர்ட் (ஏஜென்ட் வழியா இல்லாம வேற டீலர் இறக்குமதி பண்ணின) வண்டின்னா ஏஜென்ட் 'நாங்க வித்த வண்டி இல்லயே'ன்னு கையை விரிக்கலாம், அப்போ இறக்குமதி பண்ணின டீலர்கிட்ட கேளுங்க, எந்த நாட்டுக்காகத் தயாரான வண்டியோ அந்த நாட்டு பிராண்ட் வெப்சைட்லயும் சேசிஸ் நம்பரைப் போட்டுப் பாருங்க.

இங்க ஒரு பெரிய தப்புக் கணக்கு. ரீகால் இருந்தா கேஸ் ஜெயிச்சாச்சுன்னு நினைக்கிறாங்க. ரீகால்னா அந்த ரக வண்டிகள்ல பழுது இருக்கலாம்ன்றது மட்டும்தான், உங்க வண்டியில அந்தப் பழுது இருந்துச்சு, அதனாலதான் மோதுச்சு, அந்த மோதல்லதான் உங்களுக்கு இந்தக் காயம், இந்த மூணு கண்ணியையும் நீங்கதான் கோர்த்துக் காட்டணும். முதல் ரெண்டு கண்ணிக்கும்தான் வண்டி வேணும், நிபுணர் வேணும்.

ரீகால் லெட்டர் உங்க கைக்கே வந்து நீங்க போகாம விட்டிருந்தா லாயர்கிட்ட மறைக்காதீங்க. எதிர்பக்கம் எப்படியும் கண்டுபிடிக்கும், உங்க பங்குத் தப்புன்னு சொல்லி நஷ்டஈட்டுல ஒரு பகுதியைக் குறைக்கச் சட்டத்துல இடம் இருக்கு.

6. டாக்டர்கிட்ட எல்லா வலியையும் சொல்லுங்க

நம்ம ஆளுங்க பெரிய காயத்தை மட்டும் சொல்லிட்டு முதுகு வலி, காது இரைச்சல், ராத்திரி தூக்கம் வராததை எல்லாம் விழுங்கிடுவாங்க. முதல் வாரத்து ரெக்கார்டுல இல்லாத வலியை ஆறு மாசம் கழிச்சுச் சொன்னா 'இது அந்த ஆக்சிடென்ட்டாலன்னு எப்படித் தெரியும்'னு கேப்பாங்க, நியாயமான கேள்விதான்.

எம்சி (டாக்டர் கொடுக்குற லீவு சர்டிபிகேட்), ரசீது, டாக்ஸி பில் எல்லாம் வச்சுக்கங்க. மெடிசேவ்ல (மருத்துவத்துக்கான உங்க சேமிப்புக் கணக்கு) கட்டினதும் செலவுதான், அதையும் கணக்குல சேருங்க. வருமானத்துக்கு சிபிஎஃப் (சேமநிதி) ஸ்டேட்மென்ட், சொந்தத் தொழில்னா ஐராஸுக்கு (வரித்துறை) கொடுத்த வருமான வரிக் கணக்கு. வரிக்குக் குறைச்சுக் காட்டிட்டு கிளைம்ல கூட்டிக் காட்டினா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

7. வேலை நேரத்துல அடிபட்டதா? அந்தப் பாதை தனி

கம்பெனி லாரியில, வேன்ல வேலை நேரத்துல அடிபட்டிருந்தா முதல்ல வேலைக்காய நஷ்டஈட்டுச் சட்டத்தைப் பாருங்க. அதுல யார் தப்புன்னு நிரூபிக்கவே தேவையில்ல, வேலையில இருந்தப்போ அடிபட்டதுன்னு காட்டினா போதும், எம்சி நாள் சம்பளம், ஆஸ்பத்திரிச் செலவு, நிரந்தர ஊனம்னா அதுக்கான தொகைன்னு வரும், எல்லாத்துக்கும் உச்சவரம்பு உண்டு. வொர்க் பர்மிட்ல இருக்குற தம்பிங்களுக்கும் இது உண்டு. கெடு ஒரு வருஷம். முதலாளி எம்ஓஎம்முக்கு (மனிதவள அமைச்சு) ரிப்போர்ட் பண்ணலைன்னா நீங்களே எம்ஓஎம்ல சொல்லலாம், தனியாப் போக பயமா இருந்தா மைக்ரன்ட் வொர்க்கர்ஸ் சென்டர்ல கேளுங்க. பிளாட்ஃபார்ம்ல டெலிவரி, டாக்ஸி ஓட்டுறவங்களுக்கும் 2025 ஜனவரி 1ல இருந்து இந்தப் பாதுகாப்பு வந்திருக்கு.

என் கூட வந்த பையன் இந்தப் பாதையிலதான் போனான், சில மாசத்துல முடிஞ்சுது. நான் முதலாளி, எனக்கு அந்தப் பாதை இல்ல. ஒரே நஷ்டத்துக்கு ரெண்டு பக்கமும் காசு வாங்க முடியாது, அதனால வண்டி தயாரிப்பாளர் மேலயும் போகணும்னு இருந்தா எதையும் எழுதிக் கொடுக்குறதுக்கு முன்னாடி லாயரைப் பாருங்க.

8. யார் மேல போடுறது

சிங்கப்பூர்ல பழுதான பொருளால அடிபட்டா தயாரிப்பாளர் தானா பொறுப்புன்னு சொல்ற தனிச் சட்டம் கிடையாது. ரெண்டு வழிதான். வித்தவர் மேல ஒப்பந்த வழி, ஏன்னா வித்த பொருள் திருப்தியான தரத்துல இருக்கணும்னு சட்டம் சொல்லுது. இல்லைன்னா தயாரிப்பாளர், ஏஜென்ட், சரியாப் பார்க்காத வொர்க்‌ஷாப் இவங்க மேல கவனக்குறைவு வழி. ஒப்பந்தம் வாங்குனவங்களுக்குத்தான், கூட உக்காந்திருந்தவங்களுக்குப் பெரும்பாலும் கவனக்குறைவு வழி மட்டும்தான்.

வெளிநாட்டுத் தயாரிப்பாளர் மேல போடலாம், ஆனா கேஸ் பேப்பரை வெளிநாட்டுல கொடுக்க கோர்ட் அனுமதி வாங்கணும், காலமும் காசும் இழுக்கும். வித்த கம்பெனி இன்னும் உயிரோட இருக்கான்னு ஏக்ரா பிஸ்ஃபைல்ல (கம்பெனிப் பதிவு வெப்சைட்) பாருங்க, தகாட்டா மாதிரி பெரிய கம்பெனியே 2017ல திவாலாச்சு. சேல்ஸ் அக்ரிமென்ட்ல 'உள்ளபடியே விற்கிறோம், பொறுப்பில்லை'ன்னு இருந்தா பயந்து விட்டுடாதீங்க, கவனக்குறைவால வந்த உடம்புக் காயத்துக்குப் பொறுப்பில்லைன்னு எழுதி வச்சுத் தப்பிக்க முடியாது.

இன்னொரு வண்டியும் மோதியிருந்தா அந்த இன்சூரன்ஸையும் விடாதீங்க, பல சமயம் அதுதான் சுலபமான பாதை.

லெமன் லா (பழுதான பொருள் வாங்குனவங்களுக்கான சட்டம்) இருக்கேன்னு கேப்பீங்க. 2012 செப்டம்பர் 1ல இருந்து இருக்கு, செகண்ட்ஹேண்ட் வண்டிக்கும் உண்டு, ஆனா அது வண்டியைச் சரிபண்ண, மாத்த, விலை குறைக்க, காசு திருப்பத்தான். உடைஞ்ச மணிக்கட்டுக்கு அங்க ஒண்ணும் கிடைக்காது. முழுக்க வியாபாரத்துக்கு வாங்குன வண்டின்னா அதுவும் இல்ல, என் வேன் அப்படித்தான் வெளிய போச்சு. ஸ்மால் கிளைம்ஸ்லயும் (சின்னத் தொகை வழக்கு மன்றம்) உடம்புக் காயக் கேஸ் எடுக்க மாட்டாங்க, அங்க போய் ஒரு நாள் லீவை வீணாக்காதீங்க.

9. லாயர்: எப்போ, எங்க, எவ்வளவு

அடிபட்ட நாள்ல இருந்து மூணு வருஷத்துக்குள்ள கேஸ் பதிவாகணும். காரணம் பின்னாலதான் தெரிய வந்ததுன்னா தெரிஞ்ச நாள்ல இருந்து எண்ணுற வழி இருக்கு, ஆனா அதை நம்பி உக்காராதீங்க. இன்சூரன்ஸ்காரங்க கூட பேசிட்டு இருந்தா கடிகாரம் நிக்காது, 'பார்த்துட்டு இருக்கோம்'னு ஈமெயில் வந்துகிட்டே இருக்கும், மூணு வருஷம் ஓடிடும். நாலாவது படி முடிஞ்ச ரெண்டு மூணு வாரத்துக்குள்ள லாயரைப் பார்த்துடுங்க, கேஸ் போடுறதுக்கு முன்னாடியே எதிர்பக்கத்து டாக்குமென்ட்டைக் கேட்டு கோர்ட்டுக்குப் போக வழி இருக்கு, அதெல்லாம் அவங்கதான் செய்ய முடியும்.

வசதி குறைவா இருக்குற சிட்டிசன், பிஆர் (நிரந்தரவாசி) லீகல் எய்ட் பீரோவுல (அரசாங்கச் சட்ட உதவி அலுவலகம்) விண்ணப்பிக்கலாம், வருமானம் சொத்து எல்லாம் பார்ப்பாங்க. ப்ரோ போனோ எஸ்ஜி நடத்துற லீகல் கிளினிக்ல இலவசமா கொஞ்ச நேரம் ஆலோசனை கிடைக்கும், கதையை ஒரு பக்கத்துல தேதிவாரியா எழுதிட்டுப் போங்க, இல்லைன்னா பாதி நேரம் 'அன்னைக்குக் காலையில'லயே போயிடும்.

ஆஸ்பத்திரி வாசல்ல, வொர்க்‌ஷாப்ல, டார்மிட்டரியில வந்து 'நல்ல லாயர் இருக்காரு, ஜெயிச்சா முப்பது பர்சென்ட் கொடுத்தா போதும்'னு சொல்ற ஆளை நம்பாதீங்க. நஷ்டஈட்டுல இவ்வளவு பங்குன்னு லாயர் ஃபீஸ் பேசுறதுக்கு இந்த மாதிரிக் கேஸ்ல இங்க அனுமதி இல்ல. நெட்ல தேடினா வர்ற அமெரிக்க விளம்பரமும் அப்படித்தான், அந்த ஊர்க் கூட்டு வழக்கு அந்த ஊர்ல வித்த வண்டிக்கு, உங்க விவரத்தை அங்க நிரப்பி ஒரு பிரயோஜனமும் இல்ல.

முதல் சந்திப்புல கேக்க வேண்டியது: ஃபீஸ் எப்படி, எழுத்துல கொடுப்பீங்களா, இன்ஜினியர் ரிப்போர்ட்டுக்கு யார் முன்பணம், தோத்தா எதிர்பக்கச் செலவு எவ்வளவு என் தலையில விழும். கடைசிக் கேள்விக்கு நேரா பதில் சொல்ற லாயரை நான் நம்புவேன். அஃபிடவிட் (சத்தியம் பண்ணிக் கொடுக்குற வாக்குமூலம்) இங்கிலீஷ்ல இருக்கும், தமிழ்ல விளக்கின பிறகுதான் கையெழுத்து போடுங்க.

10. கோர்ட்டும் தொகையும்

கிளைம் 60,000 வெள்ளி வரைக்கும் மாஜிஸ்ட்ரேட் கோர்ட், அதுக்கு மேல டிஸ்ட்ரிக்ட் கோர்ட், ரொம்பப் பெருசுன்னா ஹை கோர்ட். பெரும்பாலான கேஸ் விசாரணை வரைக்கும் போறதில்ல, நடுவுலயே கோர்ட் பேச வைக்கும். காயத்துக்குச் சுமாரா என்ன தொகை வரும்னு பார்க்க மோட்டார் ஆக்சிடென்ட் கிளைம்ஸ் ஆன்லைன்னு இலவச வெப்சைட் இருக்கு, லாயர் சொல்ற எண்ணும் அதுவும் ரொம்ப விலகியிருந்தா ஏன்னு கேளுங்க.

11. கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி

வண்டி ரிப்பேர் காசு கொடுக்கும்போது நீட்டுற பேப்பர்ல 'எல்லா கிளைமும் முழுசா முடிஞ்சது'ன்னு ஒரு வரி இருக்கலாம். அதுல கையெழுத்து போட்டா உடம்புக் காயமும் சேர்ந்து முடிஞ்சதுன்னு வாதாடுவாங்க. 'வண்டிச் சேதத்துக்கு மட்டும்'னு எழுத வச்சுட்டுப் போடுங்க.

காயம் இதுக்கு மேல ஆறாது, மோசமும் ஆகாதுன்னு டாக்டர் சொல்ற வரைக்கும் காயத்துக்கு செட்டில் பண்ணாதீங்க. எனக்கு முதல் ஆஃபர் வந்தப்போ கையில இன்னும் பிளேட் இருந்துச்சு, அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன் ஆச்சு, அந்தச் செலவு அந்த ஆஃபர்ல இல்லவே இல்ல. கடைசியில வந்த தொகையும் கேட்டதுல பாதிக்குக் கொஞ்சம் கீழதான், சிலிண்டர் இல்லாத கேஸுக்கு இதுவே பெருசுன்னு எங்க லாயர் சொன்னாரு.

காசு லாயர் அக்கவுண்ட் வழியாத்தான் வரும். கழிச்சது என்னென்னன்னு ஐட்டம் ஐட்டமா பில் கேளுங்க, கேக்க வெட்கப்படாதீங்க. எனக்கு வந்த பில்லுல ஒரே மெடிக்கல் ரிப்போர்ட்டுக்கு ரெண்டு தடவை போட்டிருந்துச்சு, காட்டினதும் ஒரு வார்த்தை பேசாம எடுத்துட்டாங்க.